திருடத் தெரியணும் பேராண்டி

இன்னாடா பேராண்டி, மெட்ராஸ்ல இருந்து வந்த நாளா பாக்குறேன், மடியில அந்தப் பொட்டியைத் தொறந்து வெச்சுகினு மோட்டுவளையையே மொறைச்சுகினு கீறே. கேட்டா இன்ஸ்பிரேஷன் வரலன்றே. உன் பாட்டி வெள்ளந்தி. அது ஏதோ கூரியர்ல வர்ற சாமான்னு நெனைச்சுகினு, "மத்தியானம் வேலூர் பஸ்ஸுல வந்துடும் ராசா, நீ மொதல்ல சாப்பிடு"ன்னு தட்டை வெச்சிட்டுப் போய்ட்டா. நான் அவ்ளோ நல்லவன் இல்ல. வாயை மூடிகினு இருக்கவும் எனக்கு வராது.

உன் மூட் போர்டைப் பாத்தேன். நீ குளிக்கப் போன நேரமா பாத்துதான் பாத்தேன், கோச்சுக்காதே. அழகா வெட்டி ஒட்டி வெச்சிருக்கே. அதுல காஞ்சிபுரம் சேலை ஒண்ணு, பனாரஸ் சேலை ஒண்ணு, குஜராத்து படோலா ஒண்ணு, அப்புறம் எந்த சினிமாக்காரி கல்யாணத்துலயோ கட்டின சேலை ஒண்ணு. அல்லாம் சேலை. சேலை வரையுறதுக்கு சேலையையே பாத்துகினு உக்காந்தா அதுக்குப் பேரு டிசைன் இல்லடா, ஜெராக்ஸ். அதுக்கு எதுக்கு இத்தினி வருஷம் டிசைன் காலேஜுக்கு பீஸு கட்டினோம்? பஸ் ஸ்டாண்டாண்ட கடையில பக்கம் ரெண்டு ரூபாய்க்கு எடுத்துக் குடுக்குறான்.

திருடாதேன்னு நான் சொல்ல வரல. பட்டு நெய்யுற ஆரணியில பொறந்துட்டு அப்படிச் சொன்னா தறிக்குழியில இருக்குற எலி கூட சிரிக்கும். திருடு. ஆனா பக்கத்துத் தறியில திருடாதே. நூல் இல்லாத எடமா பாத்துத் திருடு. அந்தத் திருட்டைக் கொண்டாந்து நூல்ல வெக்கிறதுக்குள்ள உனக்கு முழி பிதுங்கும் பாரு, அதுலதான் சமாச்சாரமே கீது.

சேலை ஒடம்புல வர்ற மல்லிமொக்கு புட்டா தெரியுமில்ல? எவனோ ஒருத்தன் அதை மொத மொதல்ல தறியில ஏத்தினான். அவன் பேரு எந்தக் கல்வெட்டுலயும் கெடையாது. அவன் இன்னா பண்ணியிருப்பான்னு யோசி. பூக்காரி கூடையில மொக்கு உருண்டையா, நுனி கூரா கீது. தறிக்கு உருண்டைன்னா இன்னான்னே தெரியாது. பாவு நேரா ஓடும், ஊடை குறுக்கா ஓடும், தறிக்குத் தெரிஞ்சது அந்த ரெண்டுதான். தறியில வளைவே கெடையாது, படிக்கட்டுதான் உண்டு. அந்த உருண்டை மொக்கைப் படிப்படியா ஒடைச்சு, எந்தப் படியை விட்டா மொக்கு மொக்காவே நிக்கும், எந்தப் படி கூடினா அது கத்தரிக்காயா ஆயிடும்னு கண்டுபிடிச்சான் பாரு, அவன்தான் டிசைனரு. காட்டுல இருக்குற மொக்கை எல்லாரும்தான் பாத்தாங்க.

கோயில் கரையை எடுத்துக்கோ. வரிசையா முக்கோணம். அதைத்தான் கோபுரம்னு சொல்றோம். நம்ம கோட்டையில கைலாசநாதர் கோயில் கீதே, போய் நிமிந்து பாரு. எந்தக் கோபுரம்டா முக்கோணமா கீது? மேல தட்டையா, கலசம் வெச்சு, நடுவுல பொம்மையும் பூதமும் நெருக்கியடிச்சுகினு நிக்குது. அத்தனையையும் ஏத்த ஆசைதான் வந்திருக்கும். தறி முடியாதுன்னு சொல்லிச்சு, அவன் கேட்டுகினான். பொம்மையை விட்டான், கலசத்தை விட்டான், மேல ஏறுற அந்த ஏத்தத்தை மட்டும் எடுத்துகினான். கரையில அந்த ஏத்தம் கீது பாத்தியா? அது போதும், பாக்குறவன் கோயில்னு சொல்லிடுறான்.

ருத்ராட்சம், மயில்கண், தாழம்பூ ரேக்கு, வங்கி, புளியங்கொட்டைக் கட்டம், வைர ஊசிக் கோடு, இப்படி அடுக்கிகினே போலாம். இதுல எதுவும் சேலையைப் பாத்து வந்ததில்ல. ஒண்ணு சாமியார் கழுத்துல இருந்து வந்துச்சு, ஒண்ணு பொம்பளை கையில இருந்து வந்துச்சு, ஒண்ணு புளி ஒடைக்கிற திண்ணையில இருந்து வந்துச்சு. சினிமாவைக் கூட விடலியே நம்மாளுங்க. 1961ல 'பாலும் பழமும்' படம் வந்துச்சு. அந்தப் பேருல ஒரு கட்டம் தமிழ்நாடு பூரா தறியில ஓடிச்சு, இன்னும் ஓடுது.

கலரையும் பாரேன். மயில் கழுத்துக் கலர்னு ஒண்ணு கேப்பாங்க கடையில. எந்தச் சாயக்காரன் டப்பாவுலயும் அது கெடையாது. பாவுல நீலம் ஏத்தி ஊடையில பச்சை வுட்டா, சேலை நெளியுறப்ப ஒரு பக்கம் நீலமாவும் ஒரு பக்கம் பச்சையாவும் தெரியும். ஒரு தறிக்காரன், மயிலு கழுத்தைத் திருப்புறப்ப கலர் மாறுறதைப் பாத்திருக்கான். பாத்துட்டு அந்தக் கலரைத் தேடல, அந்த மாத்தத்தைத் தேடினான். நீ இன்னா பண்றே? மயிலோட போட்டோவை வெச்சுகினு அதுல சொட்டு மருந்து வுடற மாதிரி ஒரு கருவியால கலரை உறிஞ்சறே. உனக்கு ஒரு நீலம் கெடைக்குது, ஒரு பச்சை கெடைக்குது. மயிலு கெடைக்கல. போட்டோவுல மயிலு கழுத்தைத் திருப்பாதுடா.

சிரிக்கிறியா? சிரி. இப்ப உன் மடியில இருக்குற பொட்டிக்கு வர்றேன்.

தறி மேல உக்காந்துகினு எந்த இழை ஏறணும்னு சொல்லுதே ஜக்கார்டு, அதோட கதையைக் காலேஜ்ல சொல்லியிருப்பாங்க, நீ தூங்கியிருப்பே. பிரான்சு தேசத்துல லியோன்னு நம்மள மாதிரி ஒரு பட்டு ஊரு. அங்க 1725ல பூஷோன்னு ஒருத்தர், ஓட்டை போட்ட காகிதச் சுருளைத் தறியில மாட்டினாரு. ஓட்டை இருந்தா ஊசி நுழையும், இல்லன்னா நுழையாது. இந்த யோசனை அவருக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனைக்கிறே? அவரு அப்பா ஆர்கன் பொட்டி செய்யுறவராம். பாட்டுப் பொட்டி வேலை நடக்குற வூட்டுல வளந்தவரு. அடுத்து 1745ல வோக்கான்சோன்னு ஒருத்தர் தானா ஓடுற தறி ஒண்ணு செஞ்சாரு. அவரு யாரு? புல்லாங்குழல் ஊதுற பொம்மையும், தானியம் கொத்தற வாத்துப் பொம்மையும் செஞ்சு ஊரையே வாய் பொளக்க வெச்சவரு. லியோன் தறிக்காரங்க அவரு மேல கல்லெறிஞ்சாங்கன்றது வேற கதை. தறிக்காரனுக்குக் கோவம் வந்தா அப்படித்தான், அதுக்கு நீ பிரான்சு போக வேணாம். அந்தத் தறி பாரிஸ் மியூசியத்துல தூசி தின்னுகினு கெடந்துச்சு. ஜக்கார்டு போய் அதைப் பாத்தாரு, அதோட இன்னொருத்தன் கண்டுபிடிச்ச ஓட்டை போட்ட அட்டையைச் சேத்தாரு, 1804ல பொட்டி ரெடி. அப்புறம் அந்த அட்டையைப் பாத்து பாபேஜ்னு இங்கிலாந்துக்காரர் ஒருத்தர், இதே மாதிரி அட்டை போட்டு கணக்குப் பண்ற மிஷின் செய்யலாமேன்னு வரைஞ்சாரு. உன் மடியில இருக்குற கம்ப்யூட்டருக்கு அதுதான் வம்சாவளி.

பாட்டுல இருந்து தறிக்கு, தறியில இருந்து கணக்குக்கு. ஜக்கார்டை விட்டா ஒருத்தனும் பக்கத்து வூட்டுல திருடல. மத்த எல்லாரும் வேற தெருவுக்குப் போய்த் திருடினவங்க. நீ அந்தத் திருட்டு வம்சத்துல வந்த பொட்டியை வெச்சுகினு, அதுக்குள்ள இன்னொருத்தன் வரைஞ்ச சேலையைத் தேடிகினு கீறே.

ஒண்ணு மட்டும் உண்டு. தறியால எதையும் அச்சு அசலா காட்ட முடியும்னு மெரட்டற ஆளுங்க எப்பவும் இருந்திருக்காங்க. 1839ல லியோன்லயே ஜக்கார்டு மூஞ்சியைப் பட்டுல நெஞ்சாங்க. 24,000 அட்டை. பாத்தவங்க அச்சடிச்ச படம்னு நெனைச்சாங்களாம். பாபேஜ் ஒண்ணு வாங்கி வூட்டுல மாட்டி வெச்சிருந்தாரு. நம்ம தமிழ்நாட்டு ஜவுளிக்கடை ஒண்ணு 2008ல ரவிவர்மா ஓவியம் 11ஐ ஒரே பட்டுச்சேலையில நெய்ய வெச்சுது. வெலை சுமார் 40 லட்ச ரூபா. அதை நெஞ்ச கையைக் கும்புடுறேன், அந்த வித்தையில நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா அதைப் பாத்தவன் இன்னா சொல்றான்? 'அட, படம் மாதிரியே கீதே!' சேலை மாதிரி கீதுன்னு ஒருத்தன் சொல்லலியே. படம் சொவத்துல நல்லாத்தான் இருந்துச்சு. அதைக் கொசுவம் வெச்சு இடுப்புல சொருகினா, வீணை வாசிக்கிற அம்மாவுக்கு மூக்கு ஒரு மடிப்புல, வாய் ஒரு மடிப்புல.

நீ வரைஞ்ச யானையையும் பாத்தேன். காதுல நரம்பு கூட தெரியுது. பலே. நம்ம வூட்டு ஜக்கார்டுல இழை தூக்குற கொக்கி 240. அந்த யானைக்கு எத்தினி கொக்கி வேணும்னு எண்ணிப் பாத்தியா? ஊடைக்கு ஒரு அட்டை வீதம் அட்டை எத்தினி? அட்டை அடிக்கிற கூலி எத்தினி? அந்த யானை திருவண்ணாமலை தாண்டி நிக்குதுடா, நம்ம வூட்டு நெலைப்படிக்குள்ள அது நுழையாது. கிராப் தாள் எடு, கட்டத்தை எண்ணு, 240க்குள்ள அதை நிக்க வை. தும்பிக்கை ஒரு வளைவு, முதுகு ஒரு மேடு, வாலு ரெண்டு கட்டம். காது இல்லன்னாலும் யானைதானா? காலு மூணா இருந்தாலும் யானைதானா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடறப்ப வருது பாரு, அதைத்தான் நீ இன்ஸ்பிரேஷன்னு சொல்றியோ இன்னாவோ. எனக்கு அந்த இங்கிலீசு தெரியாது. கொக்கி பத்தலியேன்னு அழற நேரத்துலதான் அது வரும்னு ஒண்டி தெரியும்.

எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துடுச்சு தாத்தா, எத்தினி கொக்கி வேணும்னாலும் ஏத்தலாம்னு சொல்லப் போறே. ஏத்து. கொக்கி கூடக் கூட யோசனை கொறையுறதை நான் நெறைய வூட்டுல பாத்துட்டேன்.

வாசல்ல பாட்டி போட்ட கோலத்தைக் காலையில செருப்புக் காலோட மிதிச்சிகினு வந்தியே, அதுக்கு முன்னாடி ஒரு தபா குனிஞ்சு பாத்தியா? புள்ளி வெக்கிறா, கம்பியை எடுக்குறா, ஒரு புள்ளியையும் விடாம சுத்தி வந்து தொடங்கின எடத்துலயே முடிக்கிறா. கையை எடுக்கல, அழிக்கல. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில கிப்ட் சிரோமணின்னு ஒரு புரொபசர் இருந்தாரு. 1970கள்ல அவரும் கூட இருந்தவங்களும் இந்தக் கோலத்தை வெச்சு கம்ப்யூட்டர் கணக்குக்கு இலக்கணம் எழுதினாங்க. படிச்ச மனுசன், வாசல்ல பொம்பளைங்க போடுறதைக் குனிஞ்சு பாத்தாரு. நீயும் படிச்சவன்தான், அதைத் தாண்டிகினு போய் வைஃபை வருதான்னு பாத்தே. பாவும் ஊடையும் சந்திக்கிற எடம் ஒவ்வொண்ணும் ஒரு புள்ளிதானேடா? பாட்டிகிட்ட ஒரு மாசம் கோலம் கத்துகினா ஒரு வருஷத்துக்குக் கட்டமும் கரையும் வரையலாம். அவ பீஸு கேக்க மாட்டா. சாப்பிட்ட தட்டை நீயே கழுவி வெச்சா போதும்.

வெளிய போவணும்னு ஆசையா? போ. போளூர் பக்கம் திருமலை கீது. மலையில சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் சிலை, 16 அடிக்கு மேல ஒசரம். ராசராசன் அக்கா குந்தவை பேருலயே சமணக் கோயில் கீது. குகையில பழைய ஓவியம், பாதி உதிர்ந்து போயி, பாதி மிச்சம் நிக்குது. அந்த உதிர்ந்து போன பாதி உனக்குத்தான். அங்க இன்னா இருந்திருக்கும்னு நீயே வரைஞ்சு பாரு. தேவிகாபுரம் பெரியநாயகி அம்மன் கோயில்ல தூணு தூணா நின்னு பாரு. விஜயநகர காலத்துக் கொத்து வேலை, கல்லுல கொடி ஓடுற ஓட்டத்தைப் பாத்தா நம்ம கரையில ஓடுற கொடி கொஞ்சம் வெக்கப்படும். பூசிமலைக்குப்பத்துல ஜாகீர்தார் வெள்ளைக்காரன் பாணியில கட்டின மாளிகை ஒண்ணு இடிஞ்சு கெடக்குது. அங்க இருக்குற வளைவு, சன்னல், பேந்து போன சுண்ணாம்பு, ஆல வேரு, அல்லாம் வேற வேற சேலை. யாரும் கேக்கல.

ஆனா அங்க போய்ச் செல்போனை நீட்டினா நான் இங்கேர்ந்தே கத்துவேன். பென்சில் எடுத்துகினு போ. ஆனந்த விகடன்ல 'தென்னாட்டுச் செல்வங்கள்'னு ஓவியர் சில்பி வரைஞ்சாரே, கோயிலுக்கே போயி, சிலைக்கு முன்னாடியே உக்காந்து வரைஞ்ச மனுசன் அவரு. போட்டோ எடுத்தா சிலை முழுசும் ஒரே நொடியில வந்துடும், ஒண்ணும் உள்ள எறங்காது. கையால வரையுறப்ப, இடுப்பு இங்க ஏன் ஒடியுதுன்னு சிலையைக் கேட்டுகினே வரையணும். கேட்டது மறக்காது.

பழைய சேலையையே பாக்கக் கூடாதான்னு மொறைக்கிறே. பாக்கலாம். அதுக்கும் ஒரு தினுசு கீது. ருக்மிணி தேவி அம்மா 1936ல கலாக்ஷேத்ரா தொடங்கினாங்க, அடுத்த வருஷமே தறியும் போட்டாங்க. டான்ஸ் ஆடுற எடத்துல தறி எதுக்குன்னு கேட்டிருப்பாங்க. ஜார்ஜெட்டும் மில் துணியும் வந்து பட்டு மங்கிகினு இருந்த காலம். பழைய அகலக் கரை, பழைய கோயில் கரை, பொட்டியில பூச்சி அரிச்சுகினு கெடந்த தினுசெல்லாம் மறுபடி தறி ஏறிச்சு. அது திருட்டு இல்லடா, அடமானம் வெச்சதை மீட்டது. உன் பாட்டி பொட்டியிலயும் ஒண்ணு கீது, கேட்டுப் பாரு, காட்டுவா. ஆனா அதைத் திருப்பிப் போட்டு பின்பக்கத்தைப் பாரு. முன்பக்கம் அழகு, பின்பக்கம் அறிவு. எந்த இழை எங்க நின்னுது, எங்க தாவிச்சு, எங்க ஏமாத்திச்சு, அல்லாம் அங்கதான் எழுதி கீது.

இன்னொரு விஷயம், இது எனக்கே ரொம்பப் புடிச்ச விஷயம். சொதந்திரம் வந்த கொஞ்ச வருஷத்துல, 1950கள்ல, சர்க்கார் நெசவாளர் சேவை மையம்னு தொறந்துச்சு. புபுல் ஜெயகர் அம்மா எடுத்த முயற்சி. அங்க நெசவு தெரிஞ்சவங்களோட ஓவியருங்களையும் கொண்டாந்து உக்கார வெச்சாங்க. கே.ஜி. சுப்பிரமணியன்னு சாந்திநிகேதன்ல படிச்ச பெரிய ஓவியர், 1959ல பம்பாய்ல கைத்தறி வாரியத்துக்கு டிசைன் பாக்கப் போனாரு. மெட்ராஸ் மையத்துல ரெட்டப்ப நாயுடு இருந்தாரு. படம் வரையுறவனுக்குத் தறிகிட்ட இன்னா வேலைன்னு அப்பவும் ஒருத்தன் கேட்டிருப்பான். வேலை கீது. தறிக்காரன் கண்ணுக்குப் பழகிப் போனதை ஓவியன் புதுசாப் பாப்பான், ஓவியன் இஷ்டத்துக்கு இழுக்குற கோட்டைத் தறிக்காரன் புடிச்சு நிறுத்துவான். ரெண்டு பேரும் சண்டை போட்டாதான் நல்ல புட்டா வரும். நம்ம வூட்டுல நான் ஒரு சண்டைக்காரன் ரெடி, நீதான் மோட்டுவளையோட பேசிகினு கீறே.

சீமை டிசைனரு மோரிஸ் இன்னா பண்ணினான்னு நீயே ஒரு தபா சொன்னே. தோட்டத்துல ஸ்ட்ராபெரிப் பழத்தைக் குருவிங்க திருடித் தின்னுதுங்க. அதைப் பாத்துட்டு 1883ல அவன் துணியில அச்சடிச்சான், பேரே 'ஸ்ட்ராபெரி திருடன்'. இன்னிக்கும் அந்தத் துணி விக்குதாம். நம்ம வூட்டுக் கொல்லையில கொய்யாவை அணில் திருடுது. நீ அணிலை 'ஷூ'ன்னு வெரட்டுறே.

மழைக்காலத்துல தறிக்குழியில ஈரம் ஊறும், பாவு நமுத்துப் போவும், தறி நிக்கும். கூலி கெடையாது, வயித்தெரிச்சல்தான். ஆனா எங்க நைனா சொல்வாரு, அந்த மாசத்துலதான் தறிக்காரனுக்குக் கண்ணு வேலை செய்யும்னு. திண்ணையில உக்காந்து தெருவுல ஓடுற தண்ணியைப் பாத்துகினு இருப்பாரு. நாங்க சோம்பேறின்னு நெனைப்போம். மழை வுட்டதும் கரையில ஒரு நெளி வந்திருக்கும், அது போன வருஷத்து நெளியா இருக்காது. உனக்கு மழையும் இல்ல, ஈரமும் இல்ல, கூலிக் கவலையும் இல்ல, அப்புறம் ஏன்டா திண்ணையில உக்காரத் தெரியல?

இப்ப காரியத்துக்கு வா. நல்லதா ஒண்ணு வரைஞ்சிட்டா, அதை மொதல்ல வாட்ஸ்அப்புல போடாதே. நீ பொட்டு வெக்கிறதுக்குள்ள விசைத்தறியில ஓடி முடிஞ்சிடும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கீது, அது ஊருக்குக் காவல். 1985ல வந்த ஒதுக்கீட்டுச் சட்டம் கீது, கரை வெச்ச பட்டுச்சேலை கைத்தறிக்குத்தான்னு சொல்லுது, அது தறிக்குக் காவல். உன் புட்டாவுக்குக் காவல் வேற. 2000ஆம் வருஷத்து டிசைன் சட்டத்துல வெளிய விடறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணணும். 10 வருஷம் உன்னுது, கேட்டா மேல 5 வருஷம் நீட்டலாம். நம்ம ஊருல இதைப் பண்றவங்க கம்மி. திருடத் தெரிஞ்சவன் பூட்டவும் தெரிஞ்சிக்கணும்.

கடைசியா, இதைப் படிக்கிற அம்மாமாருங்களே, அக்காமாருங்களே, உங்ககிட்ட ஒரு வார்த்தை. பேரன்கிட்ட பேசினது போதும், அவன் எப்படியும் காதுல மாட்டிகினு பாட்டு கேட்டுகினுதான் இருந்திருப்பான். அடுத்த தபா பட்டுச்சேலை எடுக்கப் போறப்ப, ஜரிகை எத்தினி கிராம், வெலையில எத்தினி தள்ளுபடின்னு கேட்டு முடிச்சப்புறம், இன்னொண்ணும் கேளுங்க: "இந்தப் புட்டா எதைப் பாத்து வரைஞ்சது, யாரு வரைஞ்சது?" கடைக்காரருக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுகினு போன் எடுத்துத் தறிக்காரனைக் கேப்பாரு. பத்து பேரு கேட்டா பதில் எழுதி வெப்பாரு. தயவு செஞ்சு கேளுங்க.